கைப்பைக்குள் ஒரு சேர்

டீ வந்தது, எனக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினேன், வழக்கம்போல சித்தாள் அஞ்சலை அக்கா "மேடத்துக்கு டீயும் ஆவாது, தண்ணியும் ஆவாது, காத்தைக் குடிச்சே உசுரு வாழறாங்க" என்று சிரித்துவிட்டு என் பங்கையும் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள். மணி பத்தரை. பதினொன்றுக்கு ஜாக்கி பிரிக்கிறோம் என்று ஆரோக்கியசாமி மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிட்டார், சொன்னார் என்பதைவிடக் கேட்டார் என்பதுதான் சரி, "இன்ஜினியரம்மா, கான்கிரீட் போட்டு இருவத்தோரு நாளாச்சு, பால்கனிக்குக் கீழ பிரிச்சிரலாமா?" என்று கேட்டார், நான் ம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு எழுத்து. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் துப்பில்லாமல் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் கீழே பதினாறு ஜாக்கி நிற்கிறது. ஒரு இரும்புக் குழாய்க்குள் இன்னொரு இரும்புக் குழாய், நடுவில் ஒரு திருகு, உயரம் கூட்டலாம் குறைக்கலாம், வேறொன்றும் இல்லை அதில். நாலு வரிசை, வரிசைக்கு நாலு. தலைமேல் பலகை, பலகைமேல் பால்கனி. பதினாலு அடி நீளம், சுவரிலிருந்து ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, முனையில் தூண் கிடையாது. வீட்டுக்காரம்மாவுக்குத் தூண் பிடிக்கவில்லை, கார் நிறுத்த இடைஞ்சலாம். குடிபோகிற அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தப் பால்கனியில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம், மஸ்கட்டிலிருந்து போன் போட்டால் முதலில் அதைத்தான் கேட்பார், "முப்பது பேரு நிக்கலாம்ல ரேணுகா?" தாராளமா நிக்கலாம்க்கா. தாராளமாக. இந்த நாக்குக்கு எலும்பு கிடையாது. பயம் வந்தால் மற்றவர்கள் முருகா என்பார்கள், மாதாவே என்பார்கள், எனக்கு இங்கிலீஷ் வார்த்தைகள்தான் வருகின்றன, சப்போர்ட், பிராப், ஸ்ட்ரட், பிரேஸ், பிராக்கெட், பெடஸ்டல், பியர், பட்ரஸ். உதடு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அசைகிறது. அஞ்சலை அக்கா பார்த்துவிட்டாள், பொண்ணு ஏதோ ஸ்லோகம் சொல்லுது என்று நினைத்திருப்பாள்.

மணப்பாறை அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு திருச்சியில் பாலிடெக்னிக் சேர்ந்தேன், சிவில், வகுப்பில் ஏழு பெண்கள், முதல் வருஷம் மெக்கானிக்ஸில் பதினொரு மார்க். கணக்கு வராமல் இல்லை. கேள்வி புரியவில்லை. ஒரு கேள்வியில் சப்போர்ட் என்று இருக்கும், அடுத்ததில் பிராப் என்று இருக்கும், அதற்கடுத்ததில் பேரிங் என்று இருக்கும், எல்லாம் தாங்குகிற சமாசாரம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன், தாங்குவது என்று தமிழில் தலைப்பு எழுதி, கீழே இங்கிலீஷில் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனேன், கட்டட வார்த்தை, கட்டடத்துக்குச் சம்பந்தமில்லாத வார்த்தை, எதையும் விடவில்லை, அப்ஹோல்ட், சஸ்டெயின், என்ட்யூர், மூன்றாம் வருஷம் முடிகிறபோது நாற்பத்திரண்டு சேர்ந்திருந்தது. இவ்வளவு எதற்கு இவர்களுக்கு என்று இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருப்பது தெரிந்தது. பெடஸ்டல் கீழேயிருந்து நிமிர்ந்து தாங்கும். பட்ரஸ் பக்கத்திலிருந்து தோள் கொடுக்கும். பிராப் என்றால் பிறகு எடுத்துவிடப்போகிற தாங்கல், நிற்கும்போதே போகிற நாள் குறித்துவிட்டு வந்து நிற்பது. சஸ்டெயின் என்றால் விடாமல் தாங்குவது. என்ட்யூர் என்றால், அதற்குத்தான் எனக்குச் சரியான தமிழ் கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்வது என்று எழுதி, அடித்து, அடக்கிக்கொள்வது என்று எழுதி, அதையும் அடித்து அப்படியே விட்டுவிட்டேன். சைட்டுக்கு வந்து பார்த்தால் நாற்பத்திரண்டும் வேஸ்ட். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை, முட்டு. அந்தப் பக்கம் ஒரு முட்டுக் குடு. முட்டு சாயுது பாரு. எந்த முட்டு என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலேயே சரியானதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு இதில் ஒரு இளக்காரம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் படித்துக்கொண்டு வந்ததெல்லாம் இவர்களுக்குத் தெரியாது என்று. தெரிந்தவள் என்ன கிழித்தேன் என்று இப்போது என் கைப்பைக்குத்தான் தெரியும். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தேன். உள்ளே அது இருக்கிறது. கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்தும் துணி வழியாகத் தொடையில் குத்துகிறது.

அது ஒரு சேர். உட்காருகிற சேர் இல்லை, கம்பியை வளைத்துச் செய்வது, முக்காலி மாதிரி இருக்கும், அரை ஜாண்கூட இருக்காது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பியை இரண்டு அடுக்காகக் கட்டுவோம், மேல் அடுக்கு கீழே அமுங்கிவிடாமல் இருக்க நடுவில் இந்தச் சேர்களை வைப்போம், கான்கிரீட்டோடு அவையும் உள்ளேயே கிடக்கும், யாரும் பார்க்கப்போவதில்லை. மற்ற இடத்தில் மேல் கம்பி ஒரு அங்குலம் இறங்கினால் தலை போகாது. பால்கனியில் போகும். கையை முன்னால் நீட்டி அதில் ஒரு குடத்தைத் தொங்கவிட்டால் எங்கே வலிக்கிறது, தோளின் மேல்பக்கம்தானே, அதே மாதிரிதான், வெளியே நீட்டிய பால்கனியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது மேல் கம்பிதான். மேல் கம்பி அடியில் போய்விட்டால் அது பால்கனி இல்லை, சுவரில் ஒட்டவைத்த கல். இப்படி நீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பேர் கேன்டிலீவர். பட்டியலில் அதையும் எழுதியிருந்தேன், எழுதலாமா கூடாதா என்று யோசித்து. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் கான்கிரீட் போடுகிற அன்று பால்கனிப் பக்கமே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து காலை ஆறு மணிக்கே வந்தேன், கம்பி கட்டினவரோடு நின்று சேரையெல்லாம் எண்ணினேன், பதினெட்டு, தாளில் டிக் போட்டேன், கையெழுத்துப் போட்டேன், அந்தக் கையெழுத்து சத்தியமான கையெழுத்து. பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், மெஷின் ஓடியது. ஆரோக்கியசாமி மேஸ்திரி கீழே போய்விட்டார். கான்கிரீட் கொட்டுகிற நேரத்தில் பலகையும் ஜாக்கியும் கட்டுகிற சென்ட்ரிங் மேஸ்திரி கீழேதான் நிற்க வேண்டும், அது வழக்கம், தலைக்குமேல் டன் கணக்கில் எடை ஏறும்போது எந்த ஜாக்கி நகர்கிறது, எந்தப் பலகை முனகுகிறது என்று அங்கே நின்றுதான் பார்க்க முடியும். போகும்போது சொன்னார், "மேல நீங்க, கீழ நான். கவலப்படாதீங்க இன்ஜினியரம்மா, உங்கள விழவிட மாட்டேன்." நானும் சிரித்துக்கொண்டே "நானும் உங்க தலையில போட மாட்டேன் மேஸ்திரி" என்றேன். சொன்னேனே. அதையும் சொல்லித் தொலைத்தேனே.

அன்று பதினொன்றே முக்காலுக்குத் தாங்க முடியவில்லை. நான் காலையில் வீட்டில் குடித்த அரை டம்ளர் தண்ணீரோடு சரி, சைட்டில் ஒரு சொட்டு குடிப்பதில்லை, இரண்டு வருஷமாக இப்படித்தான், ஏனென்றால் சைட்டில் பாத்ரூம் கிடையாது. ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது, மரம் இருக்கிறது, உலகமே இருக்கிறது. அஞ்சலை அக்காவும் மற்ற சித்தாள்களும் பின்பக்கம் முள்ளுக்காட்டுக்குள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள், ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க இன்னொருத்தி. நான் சுடிதாரும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு மேடமாக நிற்கிறவள், அக்கா எனக்கும் சேலையைப் பிடி என்று கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தே நீர்க்கடுப்பு வந்தது, டாக்டர் தண்ணீர் குடி என்றார், குடித்தால் எங்கே போவது என்று டாக்டரிடம் கேட்கவில்லை. அன்றைக்குக் கடுப்பு உச்சத்தில் இருந்தது. அடிவயிற்றில் ஊசி. தெருக்கோடியில் கமலவேணி டீச்சர் வீடு இருக்கிறது, ரிட்டயர் ஆனவர், தனியாக இருப்பவர், எனக்குப் பாத்ரூம் தருகிற ஒரே வீடு இந்தத் தெருவில் அதுதான். போய்விட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம், இப்போதுதான் ஹால் பக்கம் கொட்டுகிறார்கள், பால்கனிக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். கான்கிரீட் ஆட்களிடம் "இப்ப வந்துர்றேன்" என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று சொல்லவில்லை. எங்கே என்று எப்படிச் சொல்வது, பதினாறு ஆண்கள், மெஷின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும். போனேன். வெளியே வந்தபோது டீச்சர் ஹாலில் இரண்டு டம்ளர் காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உக்காரும்மா, வந்ததும் ஓடறியே, நான் என்ன சத்திரமா நடத்தறேன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நாளைக்கும் அந்தக் கதவைத் தட்ட வேண்டியவள் நான். உட்கார்ந்தேன். காபி கொதித்தது. மாப்பிள்ளை பார்க்கிறார்களா, மணப்பாறையில் எந்தத் தெரு, இந்த வேலை எதற்கு வெயிலில், பேங்க் பரிட்சை எழுதலாமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன், காபியை ஊதி ஊதிக் குடித்தேன், நாக்கு வெந்தது. மெஷின் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நாற்பது நிமிஷம். இன்றைக்கு வேண்டாம் டீச்சர், கான்கிரீட் போடுகிறார்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மனுஷி கோபித்துக்கொண்டிருக்கவே மாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத்தான் வாய் அடைத்துப்போனது. கடன்பட்ட வீட்டில் காபியை மறுக்கத் தெரியாதவள் நான்.

திரும்பி வந்து பார்த்தால் பால்கனி முடிந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் முனையை முடித்துவிடலாம் என்று ஆட்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள், கட்டை போட்டு இழுத்து, கரணையால் தேய்த்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. கீழே மணல் குவியலுக்குப் பக்கத்தில் நாலு சேர் கிடந்தது. மண்வெட்டிக்கு இடறியிருக்கும், பிடுங்கித் தூக்கி எறிந்திருப்பார்கள், எல்லா சைட்டிலும் செய்வதுதான், அதைச் செய்யவிடாமல் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே நிற்பதற்குத்தான் எனக்கு அங்கே வேலை. நாலைத்தான் பார்த்தேன். உள்ளே மிதிபட்டுச் சாய்ந்தது எத்தனையோ. அப்போதே சொல்லியிருக்கலாம். ஈரம் காயவில்லை, அள்ளிப் போட்டுவிட்டுக் கம்பியைத் தூக்கியிருக்கலாம், ஒரு மணி நேர வேலை. அள்ளுங்கள் என்றால் ஏன் என்பார்கள், கொட்டும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பார்கள். அந்தக் கேள்விதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று சேரைக் கழிவுக் கம்பியோடு போட்டுவிட்டேன், ஒன்றை ஏன் பைக்குள் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை, மேல் கம்பி மட்டம் சரி என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், இது பொய்க் கையெழுத்து. இரண்டுக்கும் ஒரே ரேணுகாதேவிதான், சுழிகூட மாறவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறுவேன். வயலூர் ரோட்டில் சைட்டுக்கு இறங்கும்போது நாளைக்கு என்று ஆகிவிடும். கம்பெனி நடத்துகிற மதிவாணன் சாரிடம் சொன்னால் முதலில் கத்துவார், பிறகு கத்தாமல் இருப்பார், அதுதான் மோசம், பொம்பளப் பிள்ளையை சைட்டுக்குப் போட வேண்டாம் என்று அவருடைய பார்ட்னர் சொன்னதை நினைத்துக்கொள்வார், என்னை ஆபீஸில் டிராயிங் போட உட்கார வைப்பார், இனிமேல் எந்தப் பெண் வந்து கேட்டாலும் ஏற்கெனவே ஒண்ணப் போட்டுப் பாத்துட்டோம்மா என்பார். இதெல்லாம் பெரிய நியாயம் மாதிரி இருக்கிறது நினைக்கும்போது. நியாயம் இல்லை, பயம். ஒண்ணுக்குப் போனேன் என்று ஆண்கள் முன்னால் சொல்ல வெட்கம். அதற்கு முப்பது பேர் உயிர் ஈடா? ஒருவேளை கம்பி இறங்காமலும் இருக்கலாம். இரண்டு தடவை உளியை எடுத்துக்கொண்டு மேலே போனேன், மேலிருந்து ஒரு அங்குலம் கொத்தினால் தெரிந்துவிடும், கம்பி தட்டுப்பட்டால் தப்பித்தேன். உளியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கிவந்தேன். தட்டுப்படாவிட்டால் தெரிந்துவிடுமே. தெரியாமல் இருக்கிறவரைக்கும் பாதிக்குப் பாதி நல்லவள். வேறொன்றும் நினைத்தேன், சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு விழாது என்று நினைத்தேன். கான்கிரீட் தன் பலத்திலேயே கொஞ்ச நாள் நிற்கும், ஜாக்கியை எடுத்தாலும் நிற்கும், மேலே கைப்பிடிச் சுவர் ஏறி, டைல்ஸ் ஏறி, ஆட்கள் ஏறும்போதுதான். அதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விடலாம். இதை நினைத்தவளும் நான்தான். நிற்கலாம், நிற்காமலும் போகலாம், கடைசி ஜாக்கி வருகிற நேரத்தில் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, அந்த நேரத்தில் கீழே இருப்பவர் யார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

மேஸ்திரி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மணி பதினொன்றுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது, ஏன் இவருக்கு அவசரம், ஒரு பீடி குடித்தால் என்ன. செருப்பைக் கழற்றுகிறார். பிரிக்கும்போது செருப்புப் போட மாட்டார், கால்தான் முதலில் கேட்கும் என்பார், காது அப்புறம்தான். முனையிலிருந்து பிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் போக வேண்டும், கேன்டிலீவருக்கு அதுதான் முறை, கடைசி வரிசையை அவர் வேறு யாரையும் தொடவிடுவதில்லை, கட்டினவன்தான் எடுக்கணும் என்பார். சப்போர்ட், பிராப், ஸ்ட்ரட், பிரேஸ். பலகைக்குக் கீழே குனிந்து போகிறார், முதுகு தெரிகிறது, பனியனில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாகக் கருத்த தோல் ஒரு ரூபாய் அளவுக்குத் தெரிகிறது. பிராக்கெட், பெடஸ்டல், பியர். இந்த வார்த்தைகளில் ஒன்றாவது இப்போது எழுந்து போய் அந்தப் பால்கனியைப் பிடிக்குமா. நாற்பத்திரண்டு பேர் இருக்கிறீர்கள், ஒருத்தர் போங்கள். சுத்தியால் திருகைத் தட்டுகிற சத்தம். ணங். முனையில் முதல் ஜாக்கி. அடிவயிற்றில் அந்த ஊசி மறுபடியும், இன்றைக்கும் காலையிலிருந்து போகவில்லை, அடக்கு, அடக்கு, இரண்டு வருஷமாக எதையும் அடக்கத்தான் கற்றுக்கொண்டேன், தண்ணீரை, வலியை, கேள்வியை, பதிலை. ணங். திருகு இறங்குகிறது, குழாய் குழாய்க்குள் போகிறது, பலகைக்கும் ஜாக்கிக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி, அதில் வெளிச்சம் தெரிகிறது. மேல நீங்க, கீழ நான் என்று சொன்ன ஆள். அன்றைக்கும் கீழே, இன்றைக்கும் கீழே. இரண்டாவது ஜாக்கிக்குக் கை போகிறது. நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, செங்கல் சரிந்தது.

"மேஸ்திரி, வெளிய வாங்க!"

என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது, கீச்சென்று. அவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, பாம்பா?"

"வெளிய வாங்க மொதல்ல. தொடாதீங்க. வாங்கன்னா வாங்க."

வந்தார். எல்லாரும் பார்த்தார்கள். கைப்பை ஜிப் வழக்கம்போல மாட்டிக்கொண்டது, இழுத்தேன், கர்ச்சீப்பைப் பிரித்து அந்தச் சேரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். துருப் பிடித்திருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எங்க கெடந்துச்சு?" என்றார். மணலுக்குப் பக்கத்தில் என்றேன். நாலு கிடந்தது என்றேன். கான்கிரீட் போட்ட அன்று என்றேன். அவர் மறுபடி குனிந்து உள்ளே போனார், வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் இறக்கிவிட்ட ஜாக்கியைப் பழையபடி ஏற்றித் திருகை முடுக்கினார், கையால் ஆட்டிப் பார்த்தார், பக்கத்தில் இருந்ததையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நாங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். முதலில் அந்த வழவழப்பு உடைகிற சத்தம். பிறகு டொக் டொக் என்று ஒரே சீராக. சன்னமான தூசி விளிம்பிலிருந்து உதிர்ந்தது.

"ஒரு அங்குலம். இல்ல," என்றார் மேலேயிருந்து.

டொக் டொக்.

"ரெண்டு. இல்ல."

அஞ்சலை அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் மனசுக்குள் வார்த்தைகளைத் தேடினேன், ஒன்றும் வரவில்லை, ஒன்றுகூட இல்லை, நோட்டின் கடைசிப் பக்கம் வெறுமனே இருந்தது. மூன்று என்று அவர் சொல்லவில்லை. வெகுநேரம் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது, கடைசியில் உளி கம்பியில் பட்டு ஒரு தடவை கணீர் என்றது.

"நாலுல இருக்கு," என்றார். "அடியில போயி படுத்துருக்கு."

இறங்கிவந்தார். கால்களில் வெள்ளைத் தூசி. என் எதிரில் நின்று, கோபமா வேறெதுவுமா என்று தெரியாத ஒரு முகத்தோடு, நான் இருபத்தோரு நாளாக ஓடி ஒளிந்த கேள்வியைக் கேட்டார். "நான் கீழ நின்னுக்கிட்டிருந்தேன். கொட்டும்போது மேல நீங்க எங்கம்மா போனீங்க?"

பதினாறு ஆண்கள் இன்றைக்கு இல்லை, ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் கேட்கிற மாதிரி சொன்னேன். "ஒண்ணுக்குப் போனேன். எனக்கு இங்க போறதுக்கு எடமில்ல. டீச்சர் வீட்டுக்குப் போனேன், காபி குடுத்தாங்க, வேண்டாம்னு சொல்ல முடியல. நாப்பது நிமிஷம் ஆயிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் தரையைப் பார்த்தார். மேஸ்திரி கையில் இருந்த சேரைப் பார்த்துக்கொண்டு, "இருவத்தோரு நாளா இத பையிலயே வச்சிருந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "காலையில நான் கேட்டேனே. ம்னீங்களே." அதற்கும் ஆமாம் என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை, சொல்வார் என்று ஒரு கணம் நான் எதிர்பார்த்தது எவ்வளவு கேவலம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். செருப்பு வார் மாட்ட இரண்டு தடவை ஆனது. "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா," என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார். இந்தப் பால்கனியை உடைக்க வேண்டும். சாருக்கு நானே போன் போட வேண்டும், போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை, திருப்பிக் கூப்பிடுவார். மஸ்கட்டுக்கும் சொல்ல வேண்டும். அஞ்சலை அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். மேடம் என்று கூப்பிடவில்லை. "ஏன் புள்ள," என்றாள், "நாங்க இத்தன பேரு இங்கதான போறோம், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சேலையப் பிடிச்சிருக்க மாட்டேனா?" அதில் பாசமும் இருந்தது, திட்டும் இருந்தது, திட்டுதான் அதிகம். அவள் இடுப்பில் தண்ணீர் பாட்டில் சொருகியிருந்தாள், வெயிலில் சூடேறிய தண்ணீர், அவள் வாய் வைத்துக் குடிக்கிற பாட்டில். கையை நீட்டினேன். போன் அடிக்க ஆரம்பித்தது, திரையில் மதிவாணன் சார் என்று வந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, எல்லாரும் பார்க்க, பாட்டில் காலியாகிறவரைக்கும் குடித்தேன். பிறகு போனை எடுத்தேன்.